சயாமுக்குப் போனவங்களுக்கும் ஒரு திதி

மகாளய அமாவாசைக்குப் பெயர் கொடுக்க நேற்று ஒரு பாட்டி பேரனோடு கோயிலுக்கு வந்தார். திதி கேட்டோம், தயங்கினார். "எங்கப்பா சயாமுக்குப் போனவருங்க. செத்த தேதி யாருக்குத் தெரியும்?"

1942–43-ல் சயாம்–பர்மா ரயில்பாதை போட, மலாயாத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய நம்ம ஆட்களை ஜப்பான்காரன் ஆயிரக்கணக்கில் கொண்டு போனான். ஜொகூர் தோட்டங்களும் தப்பவில்லை. 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் இணைந்தது. காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் போனவர்களை மொத்தமாகப் புதைத்தார்கள். வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறை இருக்கு, பெயரோடு. நம்மவங்களுக்கு அது கிடைக்கல. தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்றே தெரியாமல் காத்திருந்த பெண்கள் எத்தனை பேரோ!

ஆனா நன்றி சொல்லவும் இடம் இருக்கு. அதே காஞ்சனபுரியில் வாட் தாவோர்ன் என்ற புத்த ஆலயம், அந்தத் தொழிலாளர்களின் எலும்புகளுக்குத் தன் வளாகத்தில் இடம் கொடுத்தது. 2023-ல் மலேசியத் தமிழர்கள் அங்கே ஒரு நடுகல் நட்டார்கள். 80 வருஷம் ஆச்சு, அதுக்கு.

இறந்த நாள் தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசையில் கொடுக்கலாம் என்பது நம்ம வழக்கம். பாட்டியிடம் அதைச் சொல்லி, அப்பா பெயரை எழுதிக்கிட்டோம். தர்ப்பணம் பேரன் கொடுப்பார். நடுகல் படத்தைக் கைப்பேசியில் காட்டினோம். ரொம்ப நேரம் பார்த்துட்டு, "அப்பாவுக்கு ஒரு இடம் இருக்குதா?" என்றார், கண்ணைத் துடைச்சுக்கிட்டே.

உங்க வீட்டிலும் சயாமுக்குப் போனவர் இருந்தால், திதி தெரியலன்னாலும் பரவாயில்லை, பெயரைக் கொண்டு வாங்க.