தொற்று பரவவே இல்லை.. ஆனாலும் 25 ஆண்டு சிறை! எச்.ஐ.வி சட்டத்தில் என்ன சிக்கல்?

அமெரிக்காவின் ஐயோவா மாநிலம், 2008. எச்.ஐ.வி தொற்றுள்ள ஒருவர் இன்னொரு ஆணுடன் உறவு கொள்கிறார். ஆணுறை பயன்படுத்தினார். தொடர் சிகிச்சையால் அவர் ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்திருந்தது. துணைக்குத் தொற்று பரவவும் இல்லை. ஆனா, தொற்று இருப்பதை முன்கூட்டியே சொல்லவில்லை என்ற வழக்கில் அவருக்கு 25 ஆண்டு சிறைத் தண்டனை!

பிறகு தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு வெளியே வந்தார். ஆனாலும் பாலியல் குற்றவாளிகள் பட்டியலில் பெயர் ஏறிவிட்டது. 2014-ல்தான் ஐயோவா உச்ச நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. அதே ஆண்டு சட்டமும் மாறியது. பரப்பும் நோக்கம் இருந்ததா, உண்மையில் பரவியதா என்று பார்த்தே இப்போது தண்டனை.

சட்டம் இருந்தா நல்லதுதானே?

அப்படித்தான் தோணும். ஆனா இந்தச் சட்டங்கள் 'தெரிந்தே' என்ற ஒரு சொல்லில்தான் நிற்கின்றன. டெஸ்ட் எடுத்தவருக்குத்தான் தெரியும். டெஸ்டே எடுக்காதவர் மீது இந்த வழக்கு நிற்காது. சரி, தொற்றைப் பரப்பும் வாய்ப்பு யாரிடம் அதிகம்? தனக்குத் தொற்று இருப்பதே தெரியாமல், மாத்திரை இல்லாமல் இருப்பவரிடம்தான்! அவரை டெஸ்ட் பக்கமே வரவிடாமல் பயமுறுத்துகிறது சட்டம் என்பதுதான் பொது சுகாதாரத் துறையினரின் கவலை.

வைரஸ் கண்டறிய முடியாத நிலையில் இருந்தால் உறவு மூலம் பரவாது என்பதை ஆய்வுகள் உறுதி செய்துள்ளன. 2016-ல் வெளியான 'பார்ட்னர்' ஆய்வில் ஜோடிகள் ஆணுறை இல்லாமல் சுமார் 58,000 முறை உறவு கொண்டதாகக் கணக்கிடப்பட்டது. அவர்களுக்குள் பரவியது பூஜ்ஜியம்.

அப்போ வேண்டுமென்றே பரப்பினால்?

நியாயமான கேள்வி. அதற்குத் தண்டனை வேண்டாம் என்று ஐ.நா-வின் எய்ட்ஸ் அமைப்பும் சொல்லவில்லை. தெரிந்து, பரப்பும் நோக்கத்தோடு நடந்து, உண்மையிலேயே பரப்பினால் மட்டும் வழக்கு போடுங்கள் என்கிறது.

இந்தியாவில்?

எச்.ஐ.வி-க்கென்று தனிக் குற்றப்பிரிவு இல்லை. உயிருக்கு ஆபத்தான தொற்றை அலட்சியமாகப் பரப்பும் செயலுக்கு பாரதிய நியாய சன்ஹிதா 271-வது பிரிவில் 6 மாதம், தீய எண்ணத்தோடு என்றால் 272-ல் 2 ஆண்டு வரை சிறை. தொற்றாளர்களின் ரகசியத்தைக் காக்க 2017-ல் நிறைவேறிய தனிச் சட்டமும் உண்டு.

தமிழக அரசு மருத்துவமனைகளின் 'நம்பிக்கை மையங்களில்' பரிசோதனை இலவசம், ரகசியமும் காக்கப்படும். சந்தேகங்களுக்கு 1097 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.