ஜொகூர் ஆற்றங்கரையில் ஓர் அற்புதக் கதையாசிரியர்: துன் ஸ்ரீ லானாங்கும் அவர்தம் கேட்போரும்

முன்னுரை

மலேசியத் தமிழரின் தொன்மையைப் பேசும் மேடைகளிலும் மலர்க் கட்டுரைகளிலும் ஜொகூர் மாநிலத்துக் கெலாங்கிக் கோட்டை அடிக்கடி இடம்பெறுவதைக் காண்கிறோம். சோழர் மரபு மன்னன் ஒருவன் பெரும்படையுடன் வந்து, ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியில் இருந்த அக்கருங்கற் கோட்டையை வென்றான் என்பது செய்தி. 'செஜாரா மெலாயு' எனப் பரவலாக அறியப்படும் 'சுலாலத்துஸ் சலாத்தின்' என்னும் மலாய் நூலே இதற்கு மூலம்.

அதே நூல், அதே மரபு மன்னன் கண்ணாடிப் பெட்டியுள் அமர்ந்து கடலடியில் இறங்கினான் என்றும், அங்கே ஓர் இளவரசியை மணந்து மூன்று மைந்தரைப் பெற்றான் என்றும், பின்னர்க் கடற்பரி ஒன்றின் மீதேறிக் கரை திரும்பினான் என்றும் கூறுகிறது. முதற் செய்தியைச் சான்றாகக் கொள்வோர் இரண்டாவதைச் சொல்லாமல் விடுகின்றனர். இரண்டாவதைக் கண்டு நகைப்போர் முதலாவதையும் சேர்த்தே தள்ளிவிடுகின்றனர். இவ்விரு சாராரும் இந்நூலை ஆக்கியவர் யார், யாருக்காக ஆக்கினார், எச்சூழலில் ஆக்கினார் என்னும் வினாக்களை எழுப்புவதில்லை. அவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். அவ்விடை, நாம் இந்நூலை எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதையும் தெளிவாக்கும் எனக் கருதுகிறோம்.

ஆசிரியரும் அவர்தம் பணியும்

நூலாசிரியராக மரபு சுட்டும் துன் ஸ்ரீ லானாங், துன் முகம்மது என்னும் இயற்பெயர் கொண்டவர். ஜொகூர் அரசின் பெண்டஹாராவாக, அதாவது தலைமை அமைச்சராகப் பணியாற்றியவர். எழுத்து அவருக்குத் தொழிலன்று. அரசுப் பணியின் ஒரு கூறாகவே அமைந்தது.

அப்பணி எளிதானதாக இருக்கவில்லை. 1511-இல் மலாக்காவைப் போர்ச்சுகீசியரிடம் இழந்த அரச மரபினர் ஜொகூர் ஆற்றங்கரையில் புதிய அரசை நிறுவினர். 1587-இல் போர்ச்சுகீசியர் ஜொகூர் லாமாவை அழித்தனர். அதன்பின் தலைநகர் ஆற்றின் மேற்பகுதியில், இன்றைய கோத்தா திங்கி வட்டாரத்தைச் சார்ந்த பத்து சாவாருக்கு மாறியது. வடக்கே ஆச்சே அரசும் மலாக்காவில் போர்ச்சுகீசியரும் இடையறாது நெருக்க, ஜொகூர் 1606-இல் டச்சுக்காரருடன் உடன்படிக்கை செய்துகொண்டது. பலமுறை இடம்பெயர்ந்த ஓர் அரசின் அமைச்சரே இந்நூலைத் தொகுக்க அமர்ந்தார் என்பதை நாம் மறத்தலாகாது.

நூலின் முன்னுரை நாளையும் இடத்தையும் துல்லியமாகத் தருகிறது. ஹிஜ்ரி 1021, ரபியுல் அவ்வல் 12, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், அதாவது கி.பி. 1612 மே 13. இடம் ஜொகூர் ஆற்றங்கரையில் உள்ள பாசிர் ராஜா. பின்வரும் தலைமுறையினர் மலாய் மன்னரின் வரலாற்றையும் மரபுகளையும் அறிந்து பயன்பெறும்பொருட்டு நூலொன்று ஆக்கித் தருமாறு இளவரசர் ராஜா அப்துல்லா பெண்டஹாராவைப் பணித்தார். 'கோவா'விலிருந்து கொணரப்பட்ட ஒரு பழங்கதை நூலைத் திருத்த வேண்டுமென்ற பேச்சும் அவையில் எழுந்ததாக ஒரு பிரதி கூறும். அக்கோவா இந்தியாவின் கோவாவா, சுலாவெசித் தீவின் கோவாவா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. 1938-இல் இலண்டன் கையெழுத்துப் பிரதியைப் பதிப்பித்த வின்ஸ்டெட், மூலநூல் 16-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சார்ந்தது என்றும், 1612-இல் நிகழ்ந்தது அதன் திருத்தமே என்றும் கருதினார். எவ்வாறாயினும், முன்னோர் மொழிந்ததை ஏற்று, ஒழுங்குபடுத்தி, தம் காலத்துக் கேட்போருக்கு ஏற்ப வழங்குதலே இவ்வாசிரியரின் பணியாக இருந்தது எனலாம்.

அப்பணி தொடங்கிய மறு ஆண்டே, 1613-இல், ஆச்சே மன்னர் இஸ்கந்தர் மூடாவின் படை பத்து சாவாரைத் தாக்கியது. சுல்தானும் பெண்டஹாராவும் சிறைப்பட்டு ஆச்சேக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். சில பிரதிகளின் முன்னுரை, சுல்தானை 'ஆச்சேயில் மறைந்தவர்' எனக் குறிக்கிறது. ஆகவே ஜொகூரில் தொடங்கிய முன்னுரை, சிறைப்பட்ட பின்னரும் திருத்தம் பெற்றிருத்தல் வேண்டும் என ஊகிக்க இடமுண்டு.

கேட்போரை அறிந்த எழுத்து

அக்காலத்து மலாய் ஹிக்காயாட் தனித்திருந்து மௌனமாகப் படிக்கப்பட்டதன்று. ஒருவர் படிக்கப் பலர் சூழ்ந்திருந்து கேட்டனர். நம் ஊர்களில் பாரதம் படிக்கக் கேட்ட வழக்கத்தோடு இதனை ஒப்பிடலாம்.

கேட்போருக்கும் கதைக்கும் இடையிலான உறவை இந்நூலே ஒரு நிகழ்ச்சியால் விளக்குகிறது. போர்ச்சுகீசியரின் தாக்குதலை எதிர்நோக்கிய இரவில் மலாக்கா வீரர்கள் முகம்மது ஹனஃபியாவின் கதையைப் படிக்கக் கேட்க விரும்பிச் சுல்தான் அகமதுவிடம் ஆளனுப்பினர். அவரோ அத்துணை வீரம் அவர்களுக்கு உண்டோ என்னும் குறிப்புடன் அமீர் ஹம்சாவின் கதையை முதலில் அனுப்பினார். வீரர்கள் தக்க மறுமொழி கூறிய பின்னரே விரும்பிய நூல் அவர்களுக்குக் கிடைத்தது. மறுநாள் போர்க்களம் காணவிருந்தவர்கள் முன்னிரவில் கேட்டது ஒரு கதை. கதை என்பது பொழுதுபோக்கு மட்டுமன்று என்பதை இவ்வாசிரியர் நன்கு அறிந்திருந்தார்.

அற்புதத்தைக் கேட்போர் ஏற்குமாறு சொல்லுதற்கு அவர் ஒரு முறையைக் கையாண்டார். கண்ணுக்குத் தெரியும் ஓரிடத்தோடு அற்புதத்தைப் பிணைத்தலே அது. பாடாங் என்னும் பெருவலியன் கலிங்க நாட்டு மல்லனோடு நிகழ்ந்த போட்டியில் பெரும்பாறையைத் தூக்கி எறிந்தான் எனக் கூறுபவர், அப்பாறை சிங்கப்பூர் முனையில் இன்றும் உள்ளது எனச் சேர்த்துச் சொல்கிறார். கங்கா நகரத்தின் கோட்டை பேராக்கின் டிண்டிங் உட்பகுதியில் இன்றும் இருப்பதாகக் குறிக்கிறார். ஐயத்திற்கு இடமான இடங்களில் 'கதைக்குரியவர் கூறுவர்' என்று பொறுப்பை முன்னோர்மேல் ஏற்றிவிட்டு, உண்மையை இறைவன் அறிவான் என்று முடிக்கிறார். அற்புதத்தை நம்புமாறு அவர் யாரையும் வற்புறுத்தவில்லை. நம்புதற்கு வேண்டிய வழியை மட்டும் திறந்து வைக்கிறார்.

கெலாங்கியும் அத்தகையதே. பத்து சாவாரும் பாசிர் ராஜாவும் ஜொகூர் ஆற்றங்கரையில் அமைந்தவை. கெலாங்கிக் கோட்டையோ அதே ஆற்றின் மேற்பகுதியில் இருந்ததாக நூல் கூறுகிறது. எனவே 1612-இன் கேட்போருக்கு அது தொலைநாட்டுக் கதையன்று. தாம் அமர்ந்து கேட்கும் ஆற்றின் கதை. உலகை வென்ற ஒரு மன்னன் அந்த ஆற்றுக்கு வந்திருந்தான் என்று கேட்டபோது, பலமுறை ஊர் பெயர்ந்த அம்மக்கள் தம் புதிய மண்ணுக்கும் ஒரு பழம்பெருமை உண்டென உணர்ந்திருப்பர்.

சோழர் மரபு ஏன் தேவைப்பட்டது?

நூலில் இம்மன்னரின் பெயர் சூரன், சூலன், சூலான் எனப் பிரதிக்குப் பிரதி மாறும். படையெடுப்பும் கடலடிப் பயணமும் சில பிரதிகளில் ஒருவர்மீதும், வேறு சிலவற்றில் பாட்டன், பேரன் என இருவர்மீதும் ஏற்றப்பட்டுள்ளன. எனினும் கதையின் நோக்கம் ஒன்றே. இஸ்கந்தர் சுல்கர்னைன் எனப்படும் அலெக்சாந்தரின் வழியும் கலிங்க நாட்டு மன்னர் வழியும் இணைந்த குருதியில் தோன்றியவர்களே பலெம்பாங்கின் புக்கிட் செகுந்தாங் மலையில் தோன்றி மலாய் அரச மரபைத் தொடங்கினர் என நிறுவுவதே அந்நோக்கம். கண்ணாடிப் பெட்டி இஸ்கந்தர் கதைகளில் முன்னரே வழங்கியது. ஆசிரியர் அதனை எடுத்துச் சோழ மரபு மன்னனுக்கு உரியதாக்கினார்.

இங்கே ஒரு செய்தி நம் சிந்தனைக்குரியது. நீண்ட பிரதிகளின் முன்னுரை தரும் வமிசாவளி, ஆசிரியரின் முன்னோரை மலாக்காப் பெண்டஹாரா துன் முத்தாகிர் வழியாக மணி புரிந்தான் வரை கொண்டுசெல்கிறது. மணி புரிந்தான் கலிங்க நாட்டிலிருந்து மலாக்காவுக்கு வந்தவர் என நூலே கூறுகிறது. அம்முன்னுரை ஆசிரியரை மலாய் இனத்தவர் என்றே அறிவிக்கவும் செய்கிறது. இவ்விரண்டையும் ஒருசேரச் சொல்வதில் அவருக்கு எந்த முரணும் தோன்றவில்லை. இனத்தூய்மை பற்றிய பிற்காலக் கவலை அவரிடம் இல்லை என்றே கொள்ளவேண்டும்.

அதனால் அவர் தமிழரைப் புகழ்ந்து மட்டுமே எழுதினார் என எண்ணுதல் பொருந்தாது. 1510-இல் துன் முத்தாகிர் கொல்லப்பட்ட நிகழ்ச்சியில் ராஜா முதலியார், நைனா சூரதேவன், கித்தூல் ஆகிய கலிங்க நாட்டு வணிகரின் பகையும் கோளும் காரணமாயின என்று நூல் காட்டுகிறது. தம் முன்னோரின் அழிவைக் கூறும் குடும்பத் துயரும் அதில் கலந்துள்ளது. பெருமைக்குரிய பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு இப்பகுதியை மறைப்பது ஆய்வு நேர்மையாகாது.

நம் மரபிலிருந்து ஓர் ஒப்பீடு

இராசேந்திர சோழனின் கடல்கடந்த படையெடுப்பு ஏறத்தாழ 1025-இல் நிகழ்ந்தது. அவன் மெய்க்கீர்த்தி கடாரம், ஸ்ரீவிசயம், இலங்காசோகம், தலைத்தக்கோலம் முதலிய இடங்களைப் பட்டியலிடுகிறது. கெலாங்கி என்னும் பெயரோ கங்கா நகரம் என்னும் பெயரோ அப்பட்டியலில் இல்லை. 2005-இல் ஜொகூரின் லிங்கியூ வட்டாரக் காட்டில் கெலாங்கியின் இடம் கண்டறியப்பட்டதாகச் செய்தித்தாள்கள் எழுதின. 2006-இல் அரசு ஆய்வாளர்கள் அதற்குச் சான்று கிடைக்கவில்லை எனத் தெரிவித்தனர். கல்வெட்டும் அகழாய்வும் தராத சான்றைக் கதையிடம் கேட்டுப் பெறுதல் இயலாது.

அதற்காகக் கதையைத் தள்ளவும் வேண்டா. கலிங்கத்துப்பரணியை நாம் எவ்வாறு கற்கிறோம் என்று எண்ணிப் பார்க்கலாம். முதற் குலோத்துங்கனின் படை கலிங்கத்தை வென்றது வரலாறு. அதனைச் செயங்கொண்டார் காளியும் பேய்களும் உரையாடும் களத்தில் வைத்துப் பாடினார். பேய்கள் கூழடுகின்றன என்பதால் போர் பொய்யென்று நாம் சொல்வதில்லை. போர் உண்மை என்பதால் பேய்களும் உண்மை என்று சாதிப்பதுமில்லை. பரணிக்கு நாம் அளிக்கும் இப்பயிற்சியைச் செஜாரா மெலாயுவுக்கும் அளித்தல் தகும்.

பிற்காலப் புதின ஆசிரியரும் இவ்வழியில் நடந்தவரே. கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய 'பொன்னியின் செல்வ'னின் முடிவில், கதைமாந்தர் பின்னர் என்னவாயினர் என்ற வாசகர் வினாக்களுக்கு விடை கூற நேர்ந்தது. கதை முடிந்தபின்னும் கதைமாந்தரை வாழ்ந்தவராகவே வாசகர் கருதினர் என்பதை அது காட்டும். சாண்டில்யனின் 'கடல் புறா' பரணியில் வரும் கருணாகரத் தொண்டைமானைக் கடற்போர் வீரனாக்கியது. இந்நாட்டுத் தமிழருள் பலர் ஸ்ரீவிசயத்தையும் கடாரத்தையும் முதலில் அறிந்தது பாடநூலில் அன்று, இத்தகைய தொடர்கதையில்தான். கேட்போரின் மண்ணோடு கதையைப் பிணைத்த துன் ஸ்ரீ லானாங்கின் முறையும், ஊரும் ஆறும் பெயர் சுட்டிக் கதை சொன்ன கல்கியின் முறையும் அடிப்படையில் ஒன்றே.

முடிவுரை

செஜாரா மெலாயு 11-ஆம் நூற்றாண்டு ஜொகூருக்குச் சான்றன்று. 17-ஆம் நூற்றாண்டு ஜொகூருக்கு மிகச் சிறந்த சான்று. சோழன் கெலாங்கியை வென்றான் என்பதை அது மெய்ப்பிக்கவில்லை. ஆனால் 1612-இல் ஜொகூர் அவையின் பெரியோர், தம் அரசரின் வழித்தோன்றலுக்குச் சோழர் மரபைச் சேர்ப்பது பெருமை தரும் எனக் கருதினர் என்பதையும், அதனைத் தம் பேரப்பிள்ளைகள் கேட்டறிய வேண்டுமென விரும்பினர் என்பதையும் ஐயமின்றி மெய்ப்பிக்கிறது. கோட்டையொன்றின் சிதைவைவிட இது சிறிய சான்றன்று. கோட்டை ஒருமுறை நிகழ்ந்த வெற்றியை மட்டுமே சொல்லும். இந்நூலோ இரு மக்கள் தம்முள் உறவு கொண்டாடிய மனநிலையைச் சொல்கிறது.

2001-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்ற இந்நூலைத் தமிழாசிரியர்கள் வகுப்பறையில் எடுத்தாளும்போது, கெலாங்கிச் செய்தியைத் தனியே பிரித்தெடுக்காமல் கண்ணாடிப் பெட்டியையும் ராஜா முதலியாரையும் சேர்த்தே கற்பித்தல் நலம். கதையைக் கதையாகச் சுவைக்கவும், அதனை ஆக்கியவரின் காலத்தை அதன்வழி அறியவும் மாணவர் ஒருசேரப் பழகுவர். ஜொகூர் ஆற்றங்கரையில் இன்று வாழும் தமிழ்ப் பிள்ளைகளும், அவ்வாசிரியர் மனத்திற்கொண்ட பின்வரும் தலைமுறையினருள் அடங்குவர் என்பதே நம் துணிபு.