கொங்கு நாட்டு ஓவிய மட்கலங்கள்

கொங்கு நாட்டின் தொன்மையை ஆராய்வோர் வெள்ளலூரிற் கிடைத்த உரோமானிய வெள்ளிக் காசுகளையும் மணிக்கற்களையுமே முதற்கண் எடுத்துக்காட்டுவர். மக்கள் நாள்தோறும் கையாண்ட மட்கலங்கள் அத்துணைச் சிறப்புப் பெறுவதில்லை. சோமனூரை அடுத்துச் செல்லும் நொய்யலாற்றின் கரையூர்களில் வழங்கிய கலவகை ஒன்றன் வரலாற்று மதிப்பினை ஈண்டு ஆராய்வோம்.

இதனை ரசெட் பூச்சு ஓவியக் கலம் என்பர் தொல்லியலார். உட்புறம் கருமையும் வெளிப்புறம் செம்மையும் உடைய கலத்தின்மேல் வெண்ணிறக் குழம்பால் நேர்கோடுகளும் குறுக்குக் கோடுகளும் வரைந்து, அவற்றின்மேல் செங்காவிக் கரைசலைப் பூசினர். அதனால் வெண்கோடுகள் பூச்சினூடே மஞ்சள் சாயலுடன் தோன்றும்.

1947-ஆம் ஆண்டு கருநாடகத்துப் பிரமகிரியில் அகழ்ந்த மார்ட்டிமர் வீலர் இவ்வகையைச் சாதவாகனர் காலப் பண்பாட்டோடு இணைத்தார். 'ஆந்திரக் கலம்' என்னும் பெயரும் வழங்கலாயிற்று. அங்கு இதன் தொடக்கம் கி.பி. முதல் நூற்றாண்டின் இடைப்பகுதியெனக் கணிக்கப்பட்டது. ஆயின் நொய்யலின் வடகரையிலுள்ள கொடுமணலில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985 முதல் நிகழ்த்திய அகழாய்வுகள் இக்கருத்தை மீண்டும் ஆராயத் தூண்டின. பதிற்றுப்பத்துக் கூறும் கொடுமணம் இவ்வூரே என்பர் அறிஞர். இங்கு இக்கலங்கள் முற்பட்ட பண்பாட்டுக் காலத்திலேயே கருப்பு-சிவப்புக் கலங்களுடன் காணப்படுகின்றன. எனவே, முதலிற் கண்டெடுத்த இடத்தையொட்டி அமைந்த பெயரே பிறப்பிடத்தை உணர்த்தும் எனக் கொள்ளுதல் பொருந்தாது.

இவை செல்வர்க்கே உரிய அரும்பொருளாய் இருந்தனவோ எனின், அன்றென்பதே எம் கருத்து. ஈமக்குழிகளில் மட்டும் கிடைத்திருப்பின் சடங்குக்கென வனைந்தவை எனலாம். கொடுமணலில் வாழ்விடப் பகுதியிலும் இவை கிடைக்கின்றன. கிண்ணம், தட்டு முதலிய வடிவங்கள் உண்கலன்களுக்கு உரியன. வீட்டிற் பயின்ற கலமே இறந்தோர்க்கும் படைக்கப்பட்டது எனல் பொருத்தமாம். அவ்வூர்க் கலங்கள் பலவற்றிற் 'கண்ணன் ஆதன்' போன்ற பெயர்கள் தமிழ்-பிராமி எழுத்திற் கீறப்பட்டிருத்தலும், கலத்தின்பால் உரியோர் கொண்ட உரிமையைக் காட்டும்.

அழகு வளத்துக்கே உரியதன்று என்பதற்குச் சீனநாடும் சான்று. இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே 1998-இற் கண்டறியப்பட்ட ஒன்பதாம் நூற்றாண்டுக் கப்பலில் ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்ட சாங்சா உலைக்கலங்கள் இருந்தன. அவற்றுட் பெரும்பாலானவை விரைந்த தூரிகைக் கோடுகளால் ஓவியம் தீட்டிய எளிய கிண்ணங்கள், அரண்மனைக்கெனச் செய்தவையல்ல. கொங்குக் கலங்களுக்கும் அவற்றுக்கும் காலத்தாலும் தொழில்நுட்பத்தாலும் உறவில்லை. எனினும் பொதுமக்கள் உண்ணும் கலத்தையும் அழகுறச் செய்துகொள்வர் என்னும் உண்மையை இரண்டும் உணர்த்துகின்றன.

ஆதலின், அகழாய்வுகளிற் கிடைக்கும் சாதாரண ஓடுகளையும் மண்ணடுக்கு வரிசையுடன் பதிவுசெய்தல் வேண்டும். காசுகள் கொங்கின் வாணிகத்தைப் புலப்படுத்தும்; அந்நாட்டு மாந்தரின் இல்வாழ்க்கையைப் புலப்படுத்துவன இவ்வோடுகளே.