தர்ஜினியின் வீடியோவும் வெட்டப்பட்ட பாதி ஆட்டமும்



2018 செப்டெம்பரில் சிங்கப்பூரில் நடந்த ஆசிய வலைப்பந்தாட்ட இறுதிப் போட்டியின் ஹைலைட்ஸ் வீடியோ இந்தக் கிழமை மறுபடியும் நம்மூர் வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. சிங்கப்பூரை அவர்களுடைய மண்ணிலேயே 69–50 என்று இலங்கை வென்ற போட்டி அது. ஒன்பது வருடங்களுக்குப் பிறகு கிடைத்த ஆசியக் கிண்ணம். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் வீடியோவுக்குக் கீழே வந்த இரண்டு கருத்துகள் நம்மைக் கொஞ்சம் குடைந்துவிட்டன. "அந்தப் பிள்ளைக்கு உயரம் இருக்கு, கையை நீட்டிப் போடுது, இதில என்ன விளையாட்டு?" என்பது ஒன்று. "நம்மட பெண் பிள்ளைகளுக்கு இது சரிவராது, உடுப்பு இடம் கொடுக்காது" என்பது மற்றது.

வலைப்பந்தாட்டத்தை நாம் பல வருடங்களாக விடாமல் பார்த்து வருகிறோம். கல்வியியற் கல்லூரியில் விடுதித் தொலைக்காட்சிக்கு முன்னால் கிரிக்கெட்காரர்களோடு சண்டை போட்டுச் சனலை மாற்றிய காலத்திலிருந்து. அந்த உரிமையில் இரண்டுக்கும் பதில் எழுதலாம் என்று நினைத்தோம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்து வாசியுங்கள்.

முதலில் வீடியோ. அதில் என்ன இருக்கிறது? பந்து உயரத்தில் வருகிறது, தர்ஜினி சிவலிங்கம் பிடிக்கிறார், திரும்புகிறார், வளையத்துக்குள் போடுகிறார். திரும்பவும் அதே. திரும்பவும் அதே. ஆறடி பத்து அங்குல உயரம். வளையம் இருப்பதோ பத்தடியில். அவர் கையைத் தூக்கினால் மிச்சத் தூரம் கொஞ்சம்தான். பார்க்கிறவருக்கு லேசான வேலையாகத் தெரிவதில் ஆச்சரியமில்லை.

வெட்டி எறியப்பட்டது என்ன என்பதற்கு விதியைப் பார்க்க வேண்டும். வலைப்பந்தாட்டத்தில் ஒரு பக்கத்துக்கு ஏழு பேர். மைதானம் மூன்று பங்காகப் பிரிக்கப்பட்டிருக்கும். பந்தை வைத்துக்கொண்டு ஓட முடியாது, நிலத்தில் தட்டிக்கொண்டு போகவும் முடியாது. மூன்று செக்கனுக்குள் கையை விட்டுப் போக வேண்டும். ஒரு முழுப் பங்கைத் தாண்டிப் பந்தை எறியவும் கூடாது. கோல் போட உரிமையுள்ளவர்கள் இருவர் மட்டும்: கோல் ஷூட்டர், கோல் அட்டாக். தர்ஜினி கோல் ஷூட்டர். அவர் தன்னுடைய கடைசிப் பங்கை விட்டு வெளியே வரவே முடியாது. நடுவில் சென்டர் எறியும் பந்தை நடுப் பங்குக்குள்ளேயே ஒருவர் தொட்டாக வேண்டும். அதற்குப் பிறகுதான் அது வளையப் பக்கம் போகலாம். ஆகவே சென்டரிலிருந்து தொடங்கும் ஒவ்வொரு கோலுக்கும் முன்னால் ஆகக் குறைந்தது இரண்டு எறிகள் உண்டு. அனேகமாக நான்கு, ஐந்து.

எதிரணிக்கும் இது தெரியும். பந்து தர்ஜினியின் கைக்குப் போய்விட்டால் தடுக்கிறவர் மூன்றடி தள்ளி நின்று கையைத் தூக்குவதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியாது. ஆகையால் அவர்கள் தர்ஜினியைத் தடுப்பதை விட, தர்ஜினிக்கு எறிகிறவரைத் தடுக்கத்தான் பாடுபடுவார்கள். விங் அட்டாக்கும் சென்டரும் அந்த வட்டத்தின் ஓரத்தில் மூன்று செக்கனுக்குள் கண், கை, கோணம் மூன்றையும் சரிபண்ணி, இரண்டு தடுப்பாளர்களின் விரலுக்கு மேலால் பந்தைத் தூக்கிக் கொடுக்கிறார்களே, அதுதான் ஆட்டம். வீடியோவில் அது அரைச் செக்கன் வருகிறது, அதிலும் எறிந்தவரின் முகம் இல்லை. தர்ஜினியின் வேலையும் அப்படித்தான். பந்து வருவதற்கு முன்னால், பின்னால் நின்று இடிக்காமல் இடத்தைப் பிடிக்கிறவரை முதுகால் உணர்ந்து, தன் இடத்தை விடாமல் நிற்பதுதான் அவருடைய கெட்டித்தனம். உயரம் மட்டும் போதுமென்றால் 2019இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்தில் நாம் பதினைந்தாம் இடத்துக்குப் போயிருக்க மாட்டோம். அந்தத் தொடரில் ஆகக் கூடுதலான கோல் போட்டவர் தர்ஜினிதான், 348. நடுப் பங்கில் பலம் குறைந்த இடத்தில் பெரிய அணிகள் நம்மை நெரித்தன. அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளை அவர். யுத்தம் முடிந்த அதே 2009இல் மலேசியாவில் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்ற அணியிலும் இருந்தார். சிங்களப் பிள்ளைகள் எறிய, தமிழ்ப் பிள்ளை பிடித்துப் போட்ட கோல்கள் அவை. இதைப் பற்றி மேடைகளில் பேசியவர்கள் நிறையப் பேர். நாம் இன்னொரு முறை பேசத் தேவையில்லை.

இனி இரண்டாவது கருத்து. உடுப்பு. இதற்குக் கொஞ்சம் பழைய சரித்திரத்துக்குப் போக வேண்டும்.

1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உடற்கல்வி ஆசிரியர், குளிர் காலத்தில் உள்ளே அடைபட்டுக் கிடந்த பதினெட்டு மாணவர்களுக்காக ஒரு விளையாட்டைச் செய்தார். பீச் பழம் போடும் கூடைகள் இரண்டை மாடத்தில் அடித்தார். அந்த மாடம் பத்தடி உயரத்தில் இருந்தது, அதனால்தான் இன்றும் வளையம் பத்தடி. பதின்மூன்று விதிகள் எழுதினார். முதலாவது ஆட்டத்தில் விழுந்தது ஒரே ஒரு கோல். அது கூடைப்பந்தாட்டத்தின் பிறப்பு. ஆசிரியர்மாரின் வேலை எப்படியெல்லாம் போகும் பாருங்கள்! அடங்காத ஒரு வகுப்புக்காகச் செய்தது இன்று உலகம் முழுக்க.

அடுத்த வருடமே சென்டா பெரென்சன் என்ற ஆசிரியை அதை ஸ்மித் பெண்கள் கல்லூரிக்குக் கொண்டுபோனார். பெண்கள் ஓடி, இடித்து, பறித்து விளையாடுவது அந்தக் காலத்தில் பலருக்கு ஒவ்வாத விடயம். ஆகவே அவர் விதியை மாற்றினார். மைதானத்தை மூன்றாகப் பிரித்து, அவரவர் தங்கள் பங்குக்குள் நிற்க வேண்டும் என்றார். பந்தைப் பறிக்கக் கூடாது, மூன்று செக்கனுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்றார். 1893 மார்ச்சில் அங்கு நடந்த முதலாவது பெண்கள் போட்டியைப் பார்க்க ஆண்களுக்கு அனுமதி இருக்கவில்லை. ஆம், அமெரிக்காவில்தான். இந்தத் தகவலை நம்மூரில் சொன்னபோது ஒரு வாப்பா சிரித்துக்கொண்டே "அப்ப இது நம்மட விளையாட்டுத்தானே சேர்" என்றார். நியூ ஓர்லியன்சில் கிளாரா பேயர் என்ற இன்னொரு ஆசிரியை, நெய்ஸ்மித் அனுப்பிய படத்தில் கோடுகளைத் தவறாக விளங்கிக்கொண்டுதான் வீராங்கனைகளைப் பங்கு பங்காக நிறுத்தினார் என்றும் ஒரு கதை உண்டு.

அதே காலத்தில் அந்த விளையாட்டு கடல் தாண்டி இங்கிலாந்துக்குப் போனது. மார்ட்டினா பெர்க்மன் ஒஸ்டர்பெர்க் நடத்திய பெண்களுக்கான உடற்பயிற்சிக் கல்லூரியில் 1893இல் அதைக் கற்றார்கள். அதுவும் ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிதான் என்பதில் நமக்கு ஒரு தனிப் பெருமை! குப்பைக் கூடைகளைச் சுவரில் மாட்டி ஆடினார்கள். பிறகு கூடைக்குப் பதிலாக வளையமும் வலையும் வந்தன, வலைப்பந்து என்ற பெயரும் வந்தது. 1901இல் அச்சான முதலாவது விதிப் புத்தகம் 250 பிரதிகள்.

அந்தப் பெண்கள் எந்த உடுப்போடு ஆடினார்கள் என்று பழைய புகைப்படங்களைத் தேடிப் பாருங்கள். கணுக்கால் வரை பாவாடை, மணிக்கட்டு வரை கை, கழுத்து மூடிய சட்டை. அந்த உடுப்போடு பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. ஆகையால் தட்டும் வேலையே ஆட்டத்தில் இல்லாமல் போனது. ஓடி இடிப்பது போய், நின்று எறிவது வந்தது. உடம்போடு உடம்பு படுவது தப்பாட்டம் ஆனது. இன்று நாம் வலைப்பந்தாட்ட விதி என்று படிப்பிக்கும் பாதிக்கு மேற்பட்டவை, உடம்பை மூடிய பெண்கள் ஆடுவதற்காக வெட்டித் தைக்கப்பட்டவை. குட்டைப் பாவாடை எத்தனையோ காலத்துக்குப் பிறகு வந்தது. "இந்த விளையாட்டுக்கு நம் உடுப்பு பொருந்தாது" என்று சொல்கிறவர்கள் சரித்திரத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள்.

அந்த விதிகளுக்குப் பின்னால் "பெண் பலவீனமானவள்" என்ற எண்ணம் இருந்ததையும் மறைக்க வேண்டியதில்லை. இருந்தது. ஆனால் அந்த எண்ணத்தை வைத்துக் கட்டிய வேலிக்குள்ளேயே பெண்கள் ஒரு வேகமான, புத்தியான ஆட்டத்தை உண்டாக்கிக்கொண்டார்கள். அது அவர்களுடைய கெட்டித்தனம்.

நம் நாட்டுக்கு இது 1920களில் பெண் சாரணியர் வழியாக வந்தது. 1927இல் நமக்குப் பக்கத்துக் கண்டியில், பெண்கள் உயர் பாடசாலையும் சாரணியர் அணியும் மோதிய ஆட்டத்தையே இலங்கையின் முதலாவது போட்டியாகச் சொல்கிறார்கள். மாத்தளையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணித்தியாலத் தூரம். நம் ஆட்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இதை விடப் பெரிய விடயம் 1960. அதுவரை ஒவ்வொரு நாடும் தன்தன் விதியில் ஆடியது. அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் அதைப் பெண்கள் கூடைப்பந்தாட்டம் என்றே அழைத்தார்கள். அவுஸ்திரேலியா, இங்கிலாந்து, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள் ஆகியவற்றின் பிரதிநிதிகள் இலங்கையில் கூடி, சர்வதேசச் சம்மேளனத்தை அமைத்து, விதிகளை ஒன்றாக்கினார்கள். உலகம் முழுதும் இன்று ஆடப்படும் வலைப்பந்தாட்டத்தின் விதி நம் தீவில் பேசி முடிக்கப்பட்டது. சிறிமாவோ பண்டாரநாயக்க உலகின் முதலாவது பெண் பிரதமரானதும் அதே வருடம்தான். அதைப் பாடப் புத்தகத்தில் படிப்பிக்கிறோம். இதைப் படிப்பிப்பதில்லை. 1963இல் இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்னில் முதலாவது உலகத் தொடர் நடந்தபோது பதினொரு அணிகளில் நம்முடையதும் ஒன்று.

தலையை மூடும் பிரச்சினை வந்தது கூடைப்பந்தாட்டத்தில். 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டுப் போட்டியில் கட்டார் பெண்கள் அணியிடம் ஹிஜாபைக் கழற்றச் சொன்னார்கள். அவர்கள் கழற்றவில்லை, ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிட்டு வெளியேறினார்கள். அமெரிக்காவில் பில்கீஸ் அப்துல் காதிர் என்ற வீராங்கனைக்கு அதே விதியால் வெளிநாட்டில் தொழில்முறை ஆட்டம் ஆட வழி அடைபட்டது. அவரும் இன்னும் பலரும் விடாமல் கேட்டதால் 2017இல் சர்வதேசக் கூடைப்பந்தாட்டச் சம்மேளனம் அந்த விதியை மாற்றியது. அந்த வருட ஒக்டோபர் முதல் தலைமூடி அனுமதிக்கப்பட்டது. வலைப்பந்தாட்டத்தில் மலேசிய, புரூணைப் பிள்ளைகள் முழுக்கையும் நீளக் காற்சட்டையும் தலைமூடியும் அணிந்து ஆடுவதை ஆசியத் தொடர்களில் நாமே பார்த்திருக்கிறோம். பந்து அவர்கள் கையை விட்டு வழுக்கி ஓடவில்லை.

ஆகவே நம் பக்கத்தில் தடையாக இருப்பது எது? விதியும் இல்லை, மார்க்கமும் இல்லை. ஆறாம், ஏழாம் வகுப்பில் மான்குட்டி போலப் பாயும் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்ததும் இல்ல விளையாட்டுப் போட்டியில் அணிவகுப்புப் பதாகை பிடிக்கப் போய்விடுகிறார்கள். வலயமட்டப் போட்டிக்குப் பெயர் கேட்டுக் கடிதம் வந்தால் ஏழு பேர் சேர்வதில்லை. சேர்ந்தாலும் முதல் நாள் இரவு ஒரு உம்மாவின் அழைப்பு வரும்: "மாமா வேணாம் எண்டாரு டீச்சர்." அந்த மாமா 2022 செப்டெம்பர் 11ஆம் திகதி இரவு துபாயில் இலங்கை கிரிக்கெட் அணி ஆசியக் கிண்ணத்தை வென்றபோது பட்டாசு கொளுத்தியவராக இருக்கும். அதே நாள் சிங்கப்பூரில் நம் வலைப்பந்தாட்டப் பெண்கள் ஆறாவது தடவையாக ஆசியக் கிண்ணத்தை வென்றார்கள் என்பது அவருக்குத் தெரிந்திராது. இரண்டு அணிகளையும் ஒன்றாகத்தான் ஊர்வலமாகக் கூட்டி வந்தார்கள். படத்தை எடுத்துப் பாருங்கள்.

பெற்றோரைக் குறை சொல்லி முடிப்பது சுகம். பாடசாலைப் பக்கமும் குறை இருக்கிறது. ஆண் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் நேரத்தில் அதே மைதானத்தின் மூலையில், வீதியால் போகிறவர் எல்லாரும் பார்க்கும் இடத்தில், பெண் பிள்ளைகளை ஆடச் சொன்னால் எந்தப் பிள்ளை வருவாள்? பின் கட்டிடத்துக்கும் மதிலுக்கும் இடையில் முப்பதரை மீற்றர் நீளமும் பதினைந்தே கால் மீற்றர் அகலமும் உள்ள இடம் அனேகப் பாடசாலைகளில் உண்டு. இப்போது அங்கே உடைந்த மேசைகள் கிடக்கின்றன.

நம் பாடசாலையில் மேசைகளை அகற்றியாகிவிட்டது. எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் பதினொரு பிள்ளைகள் பெயர் தந்திருக்கிறார்கள், உம்மாமாரின் கையெழுத்தோடு. இப்போதைக்கு வளையம் ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் வளைந்தது. பத்தடி உயரத்தில் நிறுத்த இரும்புக் குழாய் இரண்டும், 38 சென்றிமீற்றர் குறுக்களவில் வளையம் ஒட்டித் தர ஒரு வெல்டிங் பாஸும் வேண்டும். உக்குவளை, மாத்தளைப் பக்கம் யாரிடமாவது பழைய குழாய் இருந்தால் இன்பொக்ஸுக்கு வாருங்கள். வந்து ஏற்றிக்கொள்கிறோம்.