மொட்டை மாடி ஒழுகுது... அசோசியேஷன் கண்டுக்கவே இல்லை! அபார்ட்மென்ட்வாசிகள் என்ன செய்யலாம்?

மழை விட்டு நான்கு நாள் ஆகிவிட்டது. மொட்டை மாடியில் தேங்கிய தண்ணீர் இன்னும் கீழ் வீட்டு சீலிங்கில் சொட்டுகிறது. வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ போட்டால், செயலாளரிடமிருந்து வருவது 'பார்க்கலாம் சார்' என்ற ஒரே பதில். மெயின்டனன்ஸ் மட்டும் மாதம் தவறாமல் வசூலாகிறது. பல அபார்ட்மென்ட்களில் இதுதான் நிலைமை.

விரிசலை அலட்சியப்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு திருவொற்றியூரே சாட்சி. 2021 டிசம்பர் 27-ம் தேதி, அங்குள்ள அரிவாக்குளம் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் 24 வீடுகள் கொண்ட ஒரு பிளாக் இடிந்து விழுந்தது. விரிசலைப் பார்த்து மக்கள் முன்கூட்டியே வெளியேறியதால் உயிர்கள் தப்பின.

சரி, சொல்லியும் ரிப்பேர் நடக்கவில்லை என்றால் என்ன வழி?

யார் பொறுப்பு?

புகார் கொடுக்கும் முன் இதைத் தெரிந்துகொள்வது முக்கியம்.

* வீட்டுக்குள் இருக்கும் குழாய், வயரிங், டைல்ஸ்: வீட்டு உரிமையாளர். மேல் வீட்டு பாத்ரூமில் இருந்து கசிந்தால், பொதுவாக மேல் வீட்டு உரிமையாளர்.
* மொட்டை மாடி, வெளிச்சுவர், தூண், லிப்ட், படிக்கட்டு, சம்ப், பொதுக் குழாய்: குடியிருப்போர் சங்கம்.
* பராமரிப்பு இன்னும் சங்கத்தின் கைக்கு வரவில்லை என்றால்: பில்டர்.

5 ஆண்டு ஆகவில்லையா?

அப்படியென்றால் சங்கத்தின் பணத்தில் கை வைக்கவே தேவையில்லை. 2016-ம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், அதாவது 'ரெரா', பிரிவு 14(3)-ன்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறைபாட்டைச் சுட்டிக்காட்டினால், பில்டர் 30 நாளுக்குள் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் இழப்பீடு கேட்கலாம். இதற்கான புகாரை தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் அளிக்கலாம்.

நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். ஆனால், பிரச்னை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் வழக்கு போட வேண்டும். 'இதோ ஆள் அனுப்பறேன்' என்று பில்டர் நாள் கடத்தும்போது, இந்தக் கெடுவும் கரைந்துகொண்டே இருக்கும்.

சங்கம் அசையவில்லை என்றால்?

1. எழுத்தில் கொடுங்கள். வாட்ஸ்அப் மெசேஜ் நாலு 'குட் மார்னிங்' படத்துக்கு அடியில் போய்விடும். என்ன பழுது, எப்போதிலிருந்து, எந்த இடத்தில் என்பதைத் தேதியிட்டு எழுதி, போட்டோக்களை இணைத்து, தலைவர், செயலாளர் இருவருக்கும் கொடுங்கள். நகலில் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

2. ஆள் சேருங்கள். ஒரு வீட்டின் புகார் என்றால் 'அவர் எப்பவுமே இப்படித்தான்' என்று ஒதுக்கிவிடுவார்கள். பாதிக்கப்பட்ட எல்லோரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, சிறப்புப் பொதுக்குழுவைக் கூட்டச் சொல்லலாம். எத்தனை பேர் கேட்க வேண்டும் என்பது சங்கத்தின் துணை விதிகளில் இருக்கும். கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கைக் கேளுங்கள். எடுத்த முடிவு மினிட் புத்தகத்தில் ஏறியதா என்றும் பாருங்கள்.

3. மாவட்டப் பதிவாளரிடம் போங்கள். சங்கம் 1975-ம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவானது என்றால், மொத்த உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் மனு கொடுத்து, பிரிவு 36-ன் கீழ் விசாரணை கோரலாம். சங்கத்தின் செயல்பாடு, நிதி நிலைமை இரண்டையும் பதிவாளர் விசாரிக்க முடியும்.

மெயின்டனன்ஸ் கட்டாமல் நிறுத்தலாமா?

கோபத்தில் பலரும் செய்யும் தவறு இது. நிறுத்தினால் நீங்கள்தான் 'பாக்கிதாரர்' ஆவீர்கள். ரிப்பேர் பற்றிய பேச்சு, பாக்கி பற்றிய பேச்சாக மாறிவிடும். பணத்தைக் கட்டிவிட்டு, எதிர்ப்பை எழுத்தில் தெரிவிப்பதே பாதுகாப்பு.

வாடகைக்கு இருப்பவர்கள்?

சங்கம் பெரும்பாலும் உரிமையாளரிடம்தான் பேசும். அதனால் முதல் கடிதம் வீட்டு உரிமையாளருக்குப் போகட்டும். 2017-ம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை, கட்டட அமைப்பு சார்ந்த ரிப்பேர்கள், தேவைப்படும்போது குழாய் மாற்றுவது, வயரிங் ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கெட் போன்ற சின்ன வேலைகள் வாடகைதாரர் தலையில். வாடகை ஒப்பந்தம் பதிவு செய்யப்பட்டிருப்பது அவசியம்.

காத்திருக்கவே கூடாதது எது?

தூணில் விரிசல், கம்பி வெளியே தெரிவது, பால்கனி தொங்குவது போன்றவற்றுக்கு அடுத்த கூட்டம் வரை பொறுக்காதீர்கள். அந்தப் பகுதியில் நடமாட்டத்தை நிறுத்திவிட்டு, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரை வரவழைத்து எழுத்துபூர்வமாக அறிக்கை வாங்குங்கள். சென்னையில் மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் பதிவு செய்யலாம். லிப்ட் பிரச்னை என்றால் அரசின் மின் ஆய்வுத் துறைக்குத் தெரிவிக்கலாம். வாரியக் குடியிருப்புகளில் இருப்பவர்கள் முதல்வரின் உதவி மையத்தை 1100 எண்ணில் அழைக்கலாம்.

ரிப்பேருக்கே லாயக்கில்லாத பழைய கட்டடம் என்றால், 2024-ல் அமலுக்கு வந்த புதிய அடுக்குமாடி உரிமைச் சட்டத்தில் வழி இருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் எழுத்துபூர்வமாகச் சம்மதித்தால் இடித்துவிட்டு மறுபடி கட்டலாம்.

எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதலில் கேட்பது 'எப்போ புகார் கொடுத்தீங்க?' என்பதைத்தான். அதற்குக் காட்ட, தேதி போட்ட ஒரு கடிதம் கையில் இருக்க வேண்டும். அதை இன்றே எழுதிவிடுங்கள்.