குகையிருளில் கூட்டத்தின் கடிகாரம்: ஷ்னைடர் இலைமூக்கு வௌவாலை முன்வைத்து

ஷ்னைடர் இலைமூக்கு வௌவால் எனப்படும் ஹிப்போசிடெரோஸ் ஸ்பியோரிஸ், இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் பூச்சியுண்ணி வௌவால். இயற்கையியலாளர் ஷ்னைடர் 1800இல் இதை விவரித்தபோது அடிப்படையாக இருந்தது தரங்கம்பாடியில் கிடைத்த மாதிரி. எடை பத்து கிராம் அளவே. இலைபோல் தோல் மடிந்த மூக்கின் துளைகள் வழியாக 127 முதல் 138 கிலோஹெர்ட்ஸ் வரையான மீயொலியை எழுப்பி, எதிரொலியால் இரையை அறிகிறது. இவ்வளவு உயர்ந்த ஒலி காற்றில் விரைவில் தேய்ந்துவிடும். ஆகவே செடிகொடிகளை ஒட்டிப் பறந்து, அருகில் வரும் பூச்சிகளையே பிடிக்கிறது.

பகல் முழுதும் குகைக்குள் தொங்கும் இவ்வுயிர் அந்தி சாய்ந்ததை எப்படி அறிகிறது? வாயிலருகே வந்து வெளிச்சத்தை நோட்டம் பார்த்துத் திரும்புகிறது என்பது வழக்கமான விடை. அது உண்மைதான், ஆனால் முழு விடை அன்று.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் எம்.கே. சந்திரசேகரன், ஜி. மாரிமுத்து, ஆர். சுப்பராஜ் ஆகியோர் 1978இல் வெளியிட்ட ஆய்வும், அங்கிருந்து பின்னர் வந்த ஆய்வுகளும் இங்கே முக்கியமானவை. வெளிச்சமே எட்டாத இயற்கைக் குகையில் சில வௌவால்களைக் கூண்டில் வைத்தார்கள். அந்தியைக் காண வழியில்லாத அவை, குகையின் மற்ற வௌவால்கள் இரை தேடக் கிளம்பும் நேரத்திலேயே நாள்தோறும் சிறகடிக்கத் தொடங்கின. வௌவால்களே இல்லாத குகையில் தனித்து வைக்கப்பட்டவற்றிடமும் உடற்கடிகாரம் ஓடியது. ஆனால் அது வெளியுலக நாளோடு பொருந்தாமல் விலகிச் சென்றது. கூண்டிலிருப்பது வேறோர் இன வௌவாலானால் இக்கூட்டத்தின் நடமாட்டம் அதன் நேரத்தைத் திருத்தவில்லை. இந்தக் கடைசி முடிவையே நான் மிக வலுவான சான்றாகக் கொள்கிறேன். வெறும் சந்தடி கடிகாரத்தைத் திருத்துமானால் எந்த இனத்துக்கும் அது பயன்பட்டிருக்க வேண்டும். தன் இனத்தாரிடமிருந்து வரும் சமிக்ஞைக்கே இவ்வுயிர் செவிசாய்க்கிறது.

இதிலிருந்து நான் எடுக்கும் வாதம் இது: இவ்வினத்துக்குக் குகை வெறும் ஒதுங்கிடம் அன்று, கூட்டமும் வெறும் எண்ணிக்கை அன்று. வாயிலுக்கு வருபவை அறியும் வெளிச்சச் செய்தி, ஆழத்தில் இருப்பவற்றுக்குக் கூட்டத்தின் வழியாகவே சேர்கிறது. கற்குவாரிக்காகக் குன்றைக் குடைவதும், கோயில் மண்டபங்களில் கம்பிவலை அடிப்பதும் கூட்டத்தைச் சிதறடிக்கின்றன. பிழைத்தவை வேறிடத்தில் தொங்குகின்றன என்பதால் இழப்பில்லை என்று சொல்ல முடியாது. கூட்டம் தந்த நேரச் செய்தி இல்லாமல், பூச்சிகள் அந்தியில் மிகுதியாகப் பறக்கும் குறுகிய பொழுதைத் தவறவிடுவது சிறிய செய்தி அன்று. ஈற்றுக்கு ஒரே குட்டி ஈன்று, வயிற்றோடு சுமந்து பாலூட்டும் தாய்க்கு அது பெருஞ்சுமை.

தனி வௌவாலும் வாயிலுக்கு வந்து வெளிச்சம் பார்த்துத் தன் நேரத்தைத் திருத்திக்கொள்ளலாமே என்ற மறுப்பு எழலாம். திருத்திக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு முறை வாயிலுக்கு வரும்போதும் அது ஆந்தை முதலிய வேட்டைப் பறவைகளின் பார்வையில் படுகிறது. கூட்டம் பெரிதாக இருக்கையில் பகிரப்படும் அந்த ஆபத்து, கூட்டம் சிதைந்தபின் ஒவ்வொன்றின் தலையிலும் முழுதாக விழுகிறது. எனவே குகைக் கணக்கெடுப்புகள் தலைகளை எண்ணுவதோடு நிற்காமல், கூட்டம் அந்தியில் வெளியேறத் தொடங்கும் நேரத்தையும் அந்த வெளியேற்றம் எவ்வளவு நேரம் நீள்கிறது என்பதையும் ஆண்டுதோறும் பதிவுசெய்ய வேண்டும்.