ஊர் பெயர்ந்த ஓவியம்

ஸ்பெயின் நாட்டின் வடகிழக்கே, கத்தலோனியப் பகுதியில், பைரனீஸ் மலைகளுக்கிடையே சுமார் 1500 மீட்டர் உயரத்தில் அமைந்த சிற்றூர் தாவுல். அங்குள்ள தூய கிளெமென்த் தேவாலயம் 1123-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் ஆயர் இராமோன் அவர்களால் அர்ச்சிக்கப்பெற்றது. இச்செய்தியை அக்கோயில் தூணொன்றில் தீட்டப்பெற்ற எழுத்துகளே அறிவித்தன. மறுநாளே அவ்வூரின் தூய மரியாள் கோயிலும் அர்ச்சிக்கப்பெற்றது. ஒரு சிற்றூருக்கு இரு நாட்களில் இரு கோயில்கள்!

11, 12-ஆம் நூற்றாண்டுகளில் மேலை ஐரோப்பாவில் ஓங்கிய இக்கட்டடப் பாணியை ரோமனெஸ்க் என்பர். பண்டை ரோமரின் அரைவட்ட வளைவை நினைவூட்டுவதால் பிற்கால அறிஞர் இட்ட பெயர் அது. தாவுல் கோயிலின் உள்ளிடத்தை இரு வரிசை உருண்டைத் தூண்கள் மூன்று கூடங்களாகப் பகுக்கின்றன. மேலே சரிந்த மரக்கூரை. கிழக்கே அரைவட்ட வடிவில் மூன்று மாடங்கள். அருகே ஆறு நிலைகளுடன் சதுர மணிக்கூண்டு நிமிர்ந்து நிற்கிறது. மலைக் கல்லன்றி ஆடம்பரம் ஏதுமில்லை.

அந்த எளிமைக்குள்ளே ஒரு செல்வம் இருந்தது. நடு மாடத்தின் குழிந்த சுவரில், அரியணையில் வீற்றிருந்து உலகைத் தீர்ப்பிடும் கிறிஸ்துவின் பேருருவை, பெயர் அறியப்படாத ஓவியர் ஒருவர் தீட்டியிருந்தார். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தகைய ஓவியங்களை வணிகர்கள் நாடி வந்தனர். அண்டைப் பகுதியான முர் என்னும் ஊரின் கோயில் ஓவியம் விலைபோய், 1921-இல் அமெரிக்காவின் பாஸ்டன் அருங்காட்சியகத்தை அடைந்தது. பார்சலோனா அருங்காட்சியகக் குழுவினர் விழித்துக்கொண்டனர். 1919 முதல் 1923 வரை இப்பள்ளத்தாக்கு ஓவியங்களை, பசையிட்ட துணியைச் சுவரில் ஒட்டி, உலர்ந்தபின் வண்ணப் படலத்தோடு உரித்தெடுத்து, தம் நகருக்குக் கொண்டு சென்றனர்.

ஓவியம் பிழைத்தது, கோயில் வெறிச்சோடியது. பார்சலோனாவில் அதற்கெனக் குழிந்த மாடமொன்று அமைக்கவேண்டியதாயிற்று. தாவுலிலோ, நெடுநாள் ஒரு நகலோவியம் அவ்விடத்தை நிரப்பியது. பின்னர் அது அகற்றப்பட்டு, 2013 முதல் பழைய வண்ணங்கள் ஒளிவடிவில் சுவரில் வீழ்த்திக் காட்டப்படுகின்றன. 2000-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இப்பள்ளத்தாக்கின் கோயில்களை உலக மரபுச் செல்வமாக ஏற்றது.

ஓவியத்தை அகற்றியது முறையா என்ற வினாவுக்கு ஒரு சொல்லில் விடை கூற இயலாது. அகற்றாதிருந்தால், முர் ஓவியம் போல் இதுவும் கடல் கடந்திருக்கலாம். ஆயினும், கலை வண்ணத்தில் மட்டும் இல்லை. அது பிறந்த சுவரிலும், அதன்முன் வழிபட்ட மக்களிடத்திலும் இருக்கிறது. பிறந்த ஊர் ஒன்று, வாழும் ஊர் ஒன்று என்றமைந்த நமக்கு இவ்வுண்மை எளிதில் விளங்கும்.